குடம் நிறைய எத்தனை நொடி: சேர்வராயன் மலையில் ஓர் ஊற்றும் எங்கள் முதல் அறிக்கையும்

பின்னணி

சேர்வராயன் மலையில் ஏற்காடு டவுனைத் தவிர 67 கிராமங்கள் இருக்கின்றன. கோடை விழாவுக்கும் வார இறுதிக்கும் மேலே வருகிறவர்கள் ஏரியையும் பக்கோடா பாயிண்ட்டையும் பார்த்துவிட்டு, வந்த வழியே கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிவிடுவார்கள். இந்தக் கிராமங்களின் பக்கம் வண்டியைத் திருப்புகிறவர்கள் குறைவு. அப்படி ஒரு கிராமத்தில் 2023 மார்ச்சிலிருந்து 2025 ஜூன் வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஊர், விடுதிகள், ஆட்கள் யாருடைய பெயரும் வர வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் எதையும் போடவில்லை.

ஊரில் ஏறத்தாழ 140 குடும்பங்கள். ரேஷன் அட்டைகளில் இருக்கும் பெயர்களை எண்ணினால் 520 பேர். பெரும்பாலோர் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. மலையில் வாழ்வதால் வந்த பெயர், பேசுவது தமிழ். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று சொந்தக் காபி, நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏற்றிய மிளகுக்கொடி. மீதி நாட்களில் எஸ்டேட் வேலை, அல்லது விடுதி வேலை. படித்த பிள்ளைகள் சேலத்துக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள்.

ஊருக்குத் தண்ணீர் ஓர் ஊற்றிலிருந்து வருகிறது. ‘பெரிய ஊத்து’ என்பார்கள். பாறையிடுக்கில் சொருகிய இரும்புக் குழாய், அதன் கீழே ஒரு சிமென்ட் தொட்டி, அங்கிருந்து ஊர்த் தொட்டிக்குப் பைப். ஏற்காட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 மி.மீ. மழை பெய்கிறது, கீழே சேலத்தைவிட மிக அதிகம். ஆனால் இந்த மலை கெட்டியான சார்னோகைட் பாறை. தண்ணீர் தங்குவதற்கு மேலே இருக்கும் உதிர்ந்த மண்ணும் பாறை வெடிப்புகளும் மட்டும்தான் இடம். அந்த வெடிப்புகளில் ஒன்று வெளியே வாய் திறக்கும் இடம்தான் ஊற்று. மேலே அதே வெடிப்பில் யாராவது போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு மோட்டார் ஓட்டினால், கீழே குழாய் மெலியும்.

நாங்கள் சேலத்தில் எட்டுப் பேர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஒரு செவிலியர், வங்கி ஊழியர், கல்லூரி ஆசிரியர் இருவர், மற்றவர்கள் சின்னச் சின்னத் தொழில் செய்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் நடுவோம், ஏரிக்கரை சுத்தம் செய்வோம். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது கடை கடையாகத் துணிப்பை கொடுத்தோம். ஊற்று, நிலத்தடி நீர் பற்றி எங்களில் யாருக்கும் பயிற்சி கிடையாது.

2023 மார்ச்: காலிக்குடங்கள்

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை அந்த ஊர்ப் பெண்கள் காலிக்குடங்களோடு சாலையில் உட்கார்ந்தார்கள். எங்களில் ஒருவர் குடும்பத்தோடு மேலே போய்க்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கார் நின்றது. அதிகாரிகள் வந்து லாரித் தண்ணீர் அனுப்புவதாகச் சொன்னதும் பெண்கள் எழுந்துகொண்டார்கள். அவர் அன்று இரவு தங்கியது ஊற்றுக்கு மேலே இருக்கும் மூன்று விடுதிகளில் ஒன்றில். குளித்தார், பிள்ளைகள் நீச்சல் குளத்தில் விளையாடினார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு அவர் சொன்னதைக் கேட்ட எங்களுக்கும் தோன்றவில்லை. இதை எழுதச் சொன்னதே அவர்தான்.

முதல் அறிக்கை

‘ஏதாவது செய்ய வேண்டும்’ என்ற வேகத்தில் இரண்டு மாதத்தில் 14 பக்க அறிக்கை தயாரானது. மலைக்கு இரண்டு முறை போனோம். ஊற்றைப் படம் எடுத்தோம், ஊருக்குள் பத்துப் பதினைந்து பேரிடம் பேசினோம். மற்றதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. தண்ணீர்ப் பஞ்சத்துக்கு முதல் காரணமாக நாங்கள் எழுதியது: ‘மக்கள்தொகைப் பெருக்கம்’. சேலம் மாநகரின் மக்கள்தொகை 2001-ல் 6.97 லட்சம், 2011-ல் 8.29 லட்சம் என்ற கணக்கை மேலே போட்டு, அதே வேகத்தில் மலையும் நிரம்பியிருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். பரிந்துரைகளில் முதலாவது குடும்பக் கட்டுப்பாட்டு விழிப்புணர்வு முகாம். விடுதிகளைப் பற்றி ஒன்பதாம் பக்கத்தில் ஒரே வரி.

எப்படி இப்படி எழுதினோம் என்று பிறகு பலமுறை பேசியிருக்கிறோம். எங்கள் தலைமுறை ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்ற சுவரெழுத்தைப் பார்த்து வளர்ந்தது. எங்கே பற்றாக்குறை என்றாலும் ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள் என்பதுதான் மனதில் முதலில் வருகிறது. அதைச் சரிபார்க்க வேண்டும் என்றே தோன்றாத அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது.

அறிக்கையை ஒரு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். மனு எண் போட்டு ஒரு துறைக்கு அனுப்பினார்கள்.

2023 ஆகஸ்ட் 15: கிராம சபை

ஊரிலும் வாசிப்போம் என்று சுதந்திர தினக் கிராம சபைக்குப் போனோம். தலைமையாசிரியர் வாசித்தார். இரண்டாம் பக்கம் வந்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார். முப்பது வயது இருக்கும்.

“எனக்கு ரெண்டு புள்ளைங்க சார். என் நாத்தனாருக்கு ஒண்ணு. எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல நான் படிக்கறப்ப அறுபது பேர் இருந்தோம். இப்ப பதினேழு. வாத்தியாரு இங்கதான் உக்காந்திருக்காரு, கேட்டுப் பாருங்க. ஆளு கொறஞ்சிக்கிட்டு வருது, தண்ணியும் கொறஞ்சிக்கிட்டு வருது. அது எப்படிங்க?”

சபையில் யாரும் பேசவில்லை. ஊர்ப் பெரியவரான ஊர்க்கவுண்டர் மட்டும், “ஐயா, எங்கள எண்ணி முடிச்சிட்டீங்க. தண்ணிய எண்ணினீங்களா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எங்களிடம் பதில் இல்லை. தலைமையாசிரியர் அறிக்கையை மடித்து வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

வயதான ஓர் அம்மா வெளியே வந்து எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லே மலையில் வேறு மாதிரி கேட்கும் என்றார். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது, நெருக்கடி நிலைக் காலத்தில், ஆட்களைப் பிடித்துப் போய் ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று காட்டுக்குள் ஒளிந்த கதைகளைச் சொன்னார். கீழிருந்து கையில் காகிதத்தோடு வருகிறவர்கள் என்றால் அவருக்கு அதுதான் நினைவுக்கு வருமாம்.

வீட்டுக்கு வந்து கணக்கைப் பார்த்தோம். தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020 கணக்கில் 1.4. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்ய 2.1 வேண்டும். சேலம் மாநகர் வளர்ந்தது உண்மை, அந்த நெருக்கடியும் உண்மை. அதில் பிழைப்புக்காக வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் பங்கு உண்டு. அந்தக் கணக்கைப் பிள்ளைகள் குறைந்துவரும் ஒரு மலைக்கிராமத்தின் மேல் ஏற்றியது எங்கள் தவறு. செப்டம்பர் முதல் வாரம் மனுவைத் திரும்பப் பெற்றோம். இன்னும் யாரும் அதைப் பிரித்திருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஐந்து மாதம் போயிருந்தது. ஊரின் நம்பிக்கையும்.

தண்ணீரை எண்ணியது

ஊர்க்கவுண்டர் கேட்ட கேள்வியிலிருந்துதான் மறுபடி தொடங்கினோம். எப்படி அளப்பது? கருவி வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, கிராம சபையில் எழுந்து கேட்ட அந்தப் பெண்ணே வழி சொன்னார். ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பது 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம். குழாய்க்கு நேராக வைத்து, அது நிறைய எத்தனை நொடி என்று போனில் பார்த்தால் போதும். அவருடைய மாமியார் சிரித்தார்: “முன்னெல்லாம் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவறதுக்குள்ள கொடம் ரொம்பிடும். இப்ப வெத்தலைய மென்னு துப்பிட்டு வந்தாலும் கழுத்துக்கு வரல.” அளவு ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது, நொடிதான் இல்லை.

ஒரு நோட்டை நூலில் கட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தொட்டிக்குப் பக்கத்து மரத்தில் மாட்டினோம். தேதி, நேரம், நொடி, அளந்தவர். நாங்கள் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் யார் தண்ணீர் எடுக்க வருகிறார்களோ அவர்கள் எழுதட்டும் என்று முடிவு செய்தோம். இரண்டு காரணம். வாரம் ஒருமுறை எடுக்கும் அளவு எதையும் காட்டாது. அப்புறம், மறுபடியும் நாங்களே அளந்து நாங்களே எழுதினால் அது இன்னொரு 14 பக்கமாகத்தான் முடியும்.

2023 செப்டம்பரில் குடம் 22 நொடியில் நிறைந்தது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் சுமார் 59,000 லிட்டர். 2024 ஜனவரியில் 50 நொடி. சுமார் 26,000 லிட்டர். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. 520 பேருக்கு 28,600 லிட்டர். அதாவது ஜனவரியிலேயே ஊற்று அந்த அளவுக்குக் கீழே வந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்தான் நோட்டில் அதிகம் எழுதியவள். பள்ளிக்கூடம் போகும் முன் திங்கட்கிழமை காலையிலும், வாரம் முடிந்து வெள்ளிக்கிழமை மாலையிலும் எழுதுவாள். ஜனவரி கடைசியில் தலைமையாசிரியரிடம் கேட்டாள்: “சார், திங்கக்கெழம மட்டும் ஊத்துக்கு ஏன் ஒடம்பு சரியில்லாமப் போவுது?”

நோட்டைத் தரையில் விரித்து வைத்து எல்லாரும் பார்த்தோம். அவள் சொன்னது சரி. ஒவ்வொரு திங்கட்கிழமையும் குடம் நிறைய அதற்கு முந்தைய வெள்ளியைவிட அதிக நேரம் ஆகியிருந்தது. புதன், வியாழனில் பழைய நிலைக்கு வந்துகொண்டிருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் வித்தியாசம் எல்லாவற்றையும்விடப் பெரிது. மேலே இருக்கும் விடுதிகள் நிறைவது வெள்ளி இரவு, காலியாவது ஞாயிறு மாலை.

விடுதிகளின் கணக்கு

மூன்று விடுதிகளிலும் சேர்த்து 62 படுக்கை. மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு சாதாரண விடுதிப் படுக்கை ஒன்றுக்கு நாளுக்கு 180 லிட்டர் என்று கணக்கு வைக்கிறது. நிறைந்த நாளில் 11,160 லிட்டர். ஒரு விடுதியில் நீச்சல் குளம்: 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம். ஒருமுறை நிரப்ப 86,000 லிட்டருக்கு மேல். ஊர் முழுவதும் ஆளுக்கு 55 லிட்டர் வைத்துச் செலவழித்தாலும் மூன்று நாள் ஓடும் தண்ணீர் அது.

இது கணக்குதான், சாட்சி ஆகாது. விடுதி வைத்திருப்பவர்களை நேரில் போய்ப் பார்த்தோம். நீச்சல் குளம் வைத்திருப்பவர் முதலில் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை ஊர்க்கவுண்டர் கூட வந்தார். டீ கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அவருக்கும் ஒரு கவலை இருந்தது. அவருடைய போர் முதலில் கொடுத்த தண்ணீரில் பாதிதான் இப்போது வருகிறது. ‘சரி, சோதித்துப் பார்ப்போம்’ என்று ஒத்துக்கொண்டார்.

2024 பிப்ரவரியில் மூன்று வார இறுதிகள். ஒவ்வொரு வாரமும் ஒரு விடுதி மட்டும் தன் போரை நிறுத்திவிட்டு லாரித் தண்ணீரில் ஓட்டியது. முதல் விடுதி நிறுத்தியபோது திங்கட்கிழமை அளவில் மாற்றம் இல்லை. மூன்றாவது விடுதிக்குக் கொஞ்சம் தெரிந்தது. நீச்சல் குளம் இருக்கும் இரண்டாவது விடுதி, ஊற்றுக்கு நேர் மேலே சுமார் 400 மீட்டரில் இருப்பது, நிறுத்திய வாரத்தில் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒரே அளவு. மூன்று வாரம் மிகக் குறைவு என்று கல்லூரி ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தார், அது நியாயம்தான். ஆனாலும் தன் மோட்டாரை நிறுத்திப் பார்த்தவர் அதை மறுக்கவில்லை.

நோட்டு இன்னொன்றையும் காட்டியது. ஊர்த் தொட்டிக்குப் போகும் பைப்பின் ஒரு இணைப்பில் கசிவு. ஒரு லிட்டர் பாட்டில் ஒரு நிமிடத்தில் நிறைந்தது. நாளுக்கு 1,440 லிட்டர். அது போக, ஊர்க்காரர்களிலேயே ஐந்து பேர் இரவில் தொட்டியில் ஹோஸ் போட்டு மிளகு நாற்றுக்குத் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இதை எழுதலாமா என்று எங்களுக்குள் தயக்கம். விடுதிக்காரர் இதைப் பிடித்துக்கொண்டு நழுவிவிடுவார் என்று சிலர் பயந்தார்கள். ஊர்ப் பெண்கள்தான் எழுதச் சொன்னார்கள். கசிவை மார்ச் முதல் வாரம் அடைத்தார்கள், இரண்டு மணி நேர வேலை. ஹோஸ் விஷயத்தை ஊர்க்கூட்டத்தில் பேசி, பிப்ரவரி முதல் ஜூன் வரை கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள்.

எடுத்த முடிவுகள், எடுக்காதவை

எங்கள் குழுவில் பெரிய சண்டை இந்தக் கட்டத்தில்தான். ஓர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று போர்களுக்கும் அனுமதி உண்டா என்று கேட்டிருந்தோம். 30 நாளில் வர வேண்டிய பதில் 70 நாள் கழித்து, மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்தது. இரண்டுக்கு அனுமதிக் கோப்பே இல்லை. தமிழ்நாட்டு நிலத்தடி நீர்ச் சட்டம் 2003-ல் வந்து 2013-ல் ரத்தாகிவிட்டது. ஆனால் குழந்தைகள் ஆழ்துளைக் கிணறுகளில் விழுந்து இறந்த பிறகு வந்த 2015 விதிகளின்படி, ஊராட்சிப் பகுதியில் போர் போட அனுமதி வாங்க வேண்டும். இதை வைத்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவோம், விடுதிகளை மூடவைப்போம் என்றார் ஒருவர். எங்களில் அதிகம் உழைத்தவர் அவர்.

ஊரில் கேட்டோம். மூன்று விடுதிகளிலும் சேர்த்து 19 பேர் வேலை செய்கிறார்கள், 14 பேர் பெண்கள். மூடுவது வேண்டாம், தண்ணீர் வேண்டும் என்பது ஊரின் பதில். அதனால் வழக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அனுமதி இல்லாத விஷயத்தை மறைக்கவும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதிலின் நகலை ஊராட்சித் தலைவரிடம் கொடுத்துவிட்டோம். தீர்ப்பாயத்துக்குப் போவோம் என்ற நண்பர் எங்கள் குழுவிலிருந்து விலகினார். சட்டத்தை மீறியவரோடு உட்கார்ந்து டீ குடித்தால் நாளைக்கு நான்காவது விடுதியும் அனுமதி இல்லாமல் போர் போடும் என்பது அவருடைய வாதம். அதற்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

2024 மே 7-ஆம் தேதியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. ஏற்காட்டுக்கும் கேட்கலாம் என்ற பேச்சு எழுந்தது. மலை தாங்கும் கூட்டத்துக்கு ஓர் அளவு உண்டு என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் இ-பாஸ் எண்ணுவது வண்டிகளை. எங்கள் ஊற்றின் பிரச்சினை ஒரு போரும் ஒரு குளமும். அதனால் அந்தக் கோரிக்கையை இதோடு கலக்கவில்லை.

2024 கோடை: காத்திருந்த மாதங்கள்

பிப்ரவரிச் சோதனைக்குப் பிறகும் ஒப்பந்தம் உடனே வரவில்லை. “நான் மட்டும் ஏன் நிறுத்தணும்? மூணு பேருக்கும் சேர்த்து ஊராட்சியில எழுத்துல கொடுங்க” என்றார் விடுதிக்காரர். அதில் தவறு சொல்ல முடியாது. மார்ச் 16-ல் நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. ஜூன் வரை கிராம சபையும் இல்லை, தீர்மானமும் இல்லை.

ஏப்ரலில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. 26-ஆம் தேதி வெள்ளி மாலை குடம் நிறைய 2 நிமிடம் 20 நொடி. 29-ஆம் தேதி திங்கள் காலை 3 நிமிடம் 10 நொடி. நாளுக்குச் சுமார் 6,800 லிட்டர், ஆளுக்கு 13 லிட்டர். அன்று நான் அங்கே இருந்தேன். காலை ஐந்தரை மணி. முப்பதுக்கு மேல் குடங்கள் வரிசையில் இருந்தன. ஆட்கள் இல்லை, குடங்களே இடம் பிடித்து நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் ஓர் அடையாளம்: சிவப்புத் துணி, சீப்பு, உடைந்த வளையல். நோட்டு எழுதும் பள்ளிக்கூடப் பெண் குழாயில் குடத்தை வைத்துவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மேலே விடுதியில் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.

2024 ஆகஸ்ட் 15: தீர்மானம்

இந்த முறை நாங்கள் பேசவில்லை. பள்ளிக்கூடப் பெண் நோட்டை வாசித்தாள். வெள்ளி, திங்கள், வெள்ளி, திங்கள் என்று பதினைந்து வாரம். நிறைவேறியவை: பிப்ரவரி முதல் ஜூன் வரை மூன்று விடுதிகளும் நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டும் போர் ஓட்டுவது, அந்த மாதங்களில் குளத்தை நிரப்பாமல் மூடி வைப்பது, கூரை மழைநீருக்குத் தொட்டி கட்டுவது, புதிதாக யார் போர் கேட்டாலும் கிராம சபையில் வைக்காமல் அனுமதி இல்லை. மூன்று விடுதிக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஊற்றுக்கு மேலே இருக்கும் சரிவில் மழைத் தண்ணீரை இறக்க அகழி வெட்டுவதும் தீர்மானத்தில் சேர்ந்தது. சிக்கிமில் 2008 முதல் ‘தாரா விகாஸ்’ என்ற பெயரில் வறண்ட ஊற்றுகளுக்கு இப்படிச் செய்து வருகிறார்கள். வனத்துறை நிலத்தைத் தொடாமல், புறம்போக்கிலும் ஓர் எஸ்டேட் சம்மதித்த இடத்திலும் 100 நாள் வேலைத் திட்டத்தில் வெட்டினார்கள். கூலி 319 ரூபாய். சம உயரக் கோட்டில், ஒன்றுக்குக் கீழே ஒன்று நேராக வராமல் விலக்கி விலக்கி, அறுபது சென்டிமீட்டர் ஆழம். எங்கே வெட்ட வேண்டும் என்று வயதான இருவர் காட்டினார்கள். மழை விட்ட மறுநாள் எந்த இடத்தில் மண் மெத்தென்று இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பின் நடந்தவை

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை மலையை உலுக்கியது. மண்சரிவில் மலைப்பாதையில் போக்குவரத்து நின்றது. எங்கள் அகழிகளில் மிகச் செங்குத்தான இடத்தில் இருந்த இரண்டு கரை உடைந்து, மண் காபித் தோட்டத்துக்குள் இறங்கியது. ஆளுக்குச் சேதம் இல்லை. ஆனால் அது அதிர்ஷ்டம்தான். அந்த இரண்டையும் மூடிவிட்டார்கள்.

2025 ஏப்ரலில் வெள்ளி அளவு 65 நொடி, திங்கள் 70 நொடி. நாளுக்கு 18,500 லிட்டருக்குக் குறையவில்லை. முந்தைய ஏப்ரலைவிட இரண்டரை மடங்குக்கு மேல். அந்தக் கோடையில் லாரித் தண்ணீர் வரவில்லை, மறியலும் இல்லை. இதில் புயல் மழைக்கு எவ்வளவு, அகழிக்கு எவ்வளவு, போரைக் குறைத்ததற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையே இருந்த 50 நொடி இடைவெளி 5 நொடியாகச் சுருங்கியதுதான் போரைக் குறைத்ததன் பலன் என்று துணிந்து சொல்லக்கூடிய ஒரே பகுதி. அப்படியும் ஆளுக்கு 55 லிட்டர் என்ற அளவை ஏப்ரலில் ஊற்று எட்டவில்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட தலைவர் இப்போது தலைவர் இல்லை. மூன்றாவது விடுதி மார்ச்சில் இரண்டு வாரம் நேரக் கட்டுப்பாட்டை மீறியது. பெண்கள் ஐந்து பேர் போய்ப் பேசி நிறுத்தினார்கள். தீர்மானத்துக்குப் பின்னால் இப்போது இருக்கும் பலம் அதுதான்.

இனி மாற்ற வேண்டியவை

மனு எழுதும் முன் ஒரு பருவமாவது அளக்க வேண்டும், அதையும் தண்ணீர் எடுக்கிறவர்கள் அளக்க வேண்டும். மக்கள்தொகை பற்றிப் பேசுவதாக இருந்தால் அந்த ஊரின் பள்ளி வருகைப் பதிவையும் ரேஷன் அட்டையையும் முதலில் பார்க்க வேண்டும். வார இறுதியில் 62 படுக்கையில் தூங்குகிறவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் இந்த ஊரின் மக்கள்தொகையில் வருவதில்லை. அதில் பெரும்பகுதி சேலத்துக்காரர்கள், நாங்களும் சேர்த்து.

நாங்கள் கேட்கவே மறந்தது ஒன்று: பிப்ரவரிச் சோதனையின்போது விடுதிகளுக்கு லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கீழே அடிவாரத்து ஊர் ஒன்றின் கிணற்றிலிருந்து. அந்த ஊர்க் கிணறு அந்த வாரங்களில் எவ்வளவு இறங்கியது என்று யாரும் அளக்கவில்லை. ஒரு ஊரின் சுமையை இன்னொரு ஊருக்குத் தள்ளிவிட்டு அதைச் சோதனை என்று சொன்னோம். இப்போது அந்தக் கிணற்றுச் சுவரில் அடிக்கு ஒரு கோடு போட்டிருக்கிறோம். அங்கே இரண்டு பேர் எழுதுகிறார்கள்.

செங்குத்துச் சரிவில் அகழி வெட்டும் முன் மண் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூட்டிப்போயிருக்க வேண்டும். அடுத்த கிராமத்திலிருந்து கேட்டு வந்தவர்களிடம் இதைத்தான் முதலில் சொன்னோம். தீர்மானத்தைத் தேர்தலுக்கு முன்பே, 2024 ஜனவரி 26 கிராம சபைக்கே கொண்டுபோயிருக்கலாம். சோதனை முடியட்டும் என்று நின்றோம். அந்த ஏப்ரலின் 3 நிமிடம் 10 நொடியில் எங்கள் தயக்கத்துக்கும் பங்கு உண்டு.

விலகிய நண்பர் மே மாதம் ஊருக்கு வந்து நோட்டைப் பார்த்தார். குழுவுக்குத் திரும்பவில்லை. மலைப்பகுதிக் கட்டடங்களுக்கான அனுமதிகளைப் பற்றித் தனியாகத் தகவல் கேட்டுக்கொண்டிருக்கிறார், கிடைப்பதை எங்களுக்கும் அனுப்புகிறார்.

பள்ளிக்கூடப் பெண் பத்தாம் வகுப்பு முடித்துச் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். மரத்தில் தொங்குவது மூன்றாவது நோட்டு. அவள் தம்பி எழுதுகிறான், ஆறாம் வகுப்பு. ஜூன் 9, திங்கள், காலை 6.10: 48 நொடி. பக்கத்தில், ‘குடம் கொஞ்சம் சாய்ந்து இருந்தது, மறுபடி பார்த்தேன், 47’ என்று எழுதியிருக்கிறான்.